பத்து இன்ச் கொலுசு எட்டவில்லை: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தாளாளர், முதல்வர், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

போன வியாழக்கிழமை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த உங்கள் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மே மாதம் ஏற்காட்டில் 10 நாள் கோடை முகாம். 9 வயது முதல் 14 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கு பாலே நடனம், அதிலும் கால்விரல் நுனியில் நின்று ஆடுகிற பாயின்ட். ஷூவைப் பள்ளியே ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவில் மொத்தமாக வாங்கித் தரும். சரி, கற்றுத் தரப்போவது யார் என்று தேடினேன். "பெரிய திரையில் உலகத் தரமான வீடியோ பயிற்சி" என்று போட்டிருக்கிறீர்கள். கூட இருந்து கவனித்துக்கொள்ள நம் பி.டி. மிஸ்.

ஜனவரி ஆண்டு விழாவுக்கான இதே பாயின்ட் பயிற்சியில் என் மகளின் காலில் காயம் பட்டதை உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். "மற்ற ஏழு மாணவிகளுக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. தங்கள் மகளின் உடல்நிலை காரணமாக இருக்கலாம்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதே காரியத்தை இப்போது நாற்பது பிள்ளைகளை வைத்து, மலைமேல் கூட்டிப்போய்ச் செய்யப் போகிறீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எங்கேயும் போடவில்லை. பி.டி. மிஸ்ஸின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. வாலிபால் சொல்லிக்கொடுக்க வந்தவரை பாலே பழக்கச் சொன்னது நீங்கள்.

எங்கள் வீட்டில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். மாமனார் காலத்துத் தொழில். நான் கணக்கு எழுதுவேன், வருகிறவர்களுக்கு அளவும் பார்ப்பேன். ஒன்பதரை, பத்து, பத்தரை இன்ச் என்று காலைப் பார்த்ததுமே சொல்லிவிடுகிற அளவுக்குக் கண் பழகிவிட்டது. என் மகளுக்குப் பத்து இன்ச். டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போது அவளுக்குக் கொலுசு மாட்டிவிட உட்கார்ந்தேன். இடது காலில் ஒரு விரல் நுழைகிற தளர்வோடு விழுந்தது. வலது காலில் கொக்கி வளையத்தைத் தொடவே இல்லை, அரை விரற்கடை மிச்சம் நின்றது. நம் பட்டறையில்தான் ஜோடி மாறிப்போய் அளவு தவறிவிட்டதோ என்று நினைத்து, வலதைக் கழற்றி இடது காலில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"இறுக்கிப் போடும்மா, வலிக்காது" என்றாள். அப்போதுதான் சந்தேகம் வந்தது. வலியைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். பாதத்தின் மேல்புறம் உப்பியிருந்தது. இரண்டு பெருவிரல் நகமும் நாவல்பழக் கறை பிடித்த மாதிரி கறுத்துக் கிடந்தன. விரல் முட்டிகளில் கொப்புளம் உடைந்து காய்ந்து, அதன்மேல் மறுபடி உடைந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டால் பதில் இல்லை. கடைசியில், "சொன்னா லைன்ல இருந்து எடுத்துடுவாங்கம்மா" என்றாள். 11 வயது. ஆறாம் வகுப்பு.

உங்கள் பதிலில் உள்ள அந்த "மற்ற ஏழு மாணவிகள்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களில் ஐந்து பேரின் அம்மாக்களிடம் பிறகு பேசினேன். மூன்று பேருக்கு நகம் கறுத்திருந்தது. ஒருத்திக்குக் கணுக்கால் பிசகி, வீட்டில் எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள். யாரும் பள்ளிக்குச் சொல்லவில்லை. உங்கள் கணக்கில் பிரச்சினை இல்லாமல் போனது அப்படித்தான்.

எங்கே தொடங்கியது என்று பார்த்தால் தீபாவளி முடிந்த வாரம். எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஒருத்திகூட அதற்கு முன் பாலே வகுப்பு ஒரு நாள் போனதில்லை. உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். ஷூவுக்கு ஆன்லைன் லிங்க் வந்தது. இங்கே என் தப்பையும் சொல்ல வேண்டும். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். யூனிஃபார்ம், பள்ளி ஷூ எல்லாம் அப்படித்தானே வாங்குகிறோம். முன்னால் பஞ்சு வைத்து அடைத்தேன். ரிப்பன் தனியாக வந்திருந்தது, அதை நாமே தைக்க வேண்டுமாம். இரவு பதினோரு மணிக்கு வீடியோ பார்த்துக்கொண்டே தைத்தேன். சாட்டின் துணி பளபளவென்று இருந்தது. முனையை விரலால் தட்டினால் கொட்டாங்குச்சி மாதிரி சத்தம். இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே, இது தாங்கிக்கொள்ளும் என்று நானே நம்பினேன்.

அந்தக் கெட்டி முனை, துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக வைத்துக் காயவைத்துச் செய்தது. உள்ளங்காலுக்குக் கீழே விறைப்பான ஒரு பட்டை ஓடும். இது விரலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுமே தவிர, ஆளைத் தூக்கி நிறுத்தாது. கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளால் உடம்பை ஷூவுக்கு வெளியே மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். தெரியாதவர் போட்டால் முழு எடையும் ஷூவுக்குள் இறங்கி விரல்மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஷூ பெரிதாக இருந்தால் பாதம் வழுக்கி இன்னும் கீழே போகும், விரல்கள் உள்ளே மடங்கும். சின்னதாக இருந்தால் நசுங்கும். விரல் நீளம், பாதத்தின் அகலம், வளைவு எல்லாம் பார்த்து, தரையில் நிற்கவைத்தும் நுனியில் ஏற்றியும் விவரம் தெரிந்த ஒருவர் பொருத்திக் கொடுக்க வேண்டிய பொருள் அது. அதைத்தான் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வாங்கப் போகிறீர்கள். எங்கள் பட்டறைக்கு நேற்று வேலைக்கு வந்த பையன்கூட ஊரில் உள்ள காலையெல்லாம் மூன்று அளவில் அடக்க மாட்டான்.

பயிற்சி நடந்த இடம் பிரேயர் ஹால். காங்கிரீட்டின் மேல் மொசைக். பாலே கூடங்களில் அடியில் காற்றிடைவெளி விட்டு, மிதிக்கும்போது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிற மரத்தளம் போட்டு, வழுக்காமல் இருக்க மேலே வினைல் விரிப்பு விரிப்பார்கள். அது இல்லாத இடத்தில் குதித்து இறங்கினால் அதிர்வு முழுக்க எலும்புக்குத்தான் போகும். பாயின்ட் தொடங்குகிறவர்களை முறையான வகுப்பில் எப்படிப் பழக்குவார்கள் தெரியுமா? வகுப்பு முடிகிற நேரத்தில், உடம்பெல்லாம் சூடான பிறகு, சுவரோரக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் ஏறி இறங்குவது, அதுவும் சில நிமிடம் மட்டும். எங்கள் பிள்ளைகள் வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம், பிடிப்பு எதுவும் இல்லாமல் நடுஹாலில் ஆடினார்கள். முதல் நாளே.

வீடியோ நல்ல வீடியோதான், நானும் பார்த்தேன். அழகாக, நிதானமாகச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அந்தத் திரையில் இருப்பவர் என் பிள்ளையைப் பார்க்கவில்லையே. நுனியில் ஏறும்போது அவள் கணுக்கால் வெளிப்பக்கம் சரிந்து எடை சுண்டுவிரல் ஓரம் போகிறதா, முட்டி மடங்குகிறதா, ஷூவுக்குள் விரல் சுருண்டிருக்கிறதா, முனை நைந்து மெத்தென்று ஆகிவிட்டதா, இதெல்லாம் இரண்டடி தள்ளி நிற்கிற ஒரு ஆளின் கண்ணில் படவேண்டிய விஷயம். "இன்னைக்குப் போதும், கழட்டு" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். கண்ணாடி பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்களாம். என்ன தப்பு என்றே தெரியாத பிள்ளை கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்க்கும்.

ஜனவரி முதல் வாரம் மேடை ஒத்திகை. டிசம்பரில் அந்த வீக்கத்தைப் பார்த்ததும் நான் மிஸ்ஸிடம் சொன்னேன். "ஒண்ணுமில்லீங்க, புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார். நானும் கிறிஸ்துமஸ் லீவில் பத்து நாள் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை. ஒத்திகையில் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் காலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தோம். ஷூ பள்ளியிலேயே இருந்தது. ஆண்டு விழா அன்று அவளுக்குப் பதிலாக ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இரண்டு நாள் பயிற்சியில், என் மகளின் ஷூவைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். கூட்டத்தில் உட்கார்ந்து நானே பார்த்தேன். இடது ரிப்பன் ஓரத்தில் ரோஸ் நூல் தீர்ந்து வெள்ளை நூலால் முடித்திருந்தேன். அது என் தையல். ஒரு காலின் வியர்வையிலும் எடையிலும் உருக்குலைந்த ஷூவை இன்னொரு காலுக்கு மாட்டக் கூடாது என்று சொல்ல அன்று அங்கே ஒருவர்கூட இல்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் பார்த்தோம், வலி குறையவில்லை. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மெட்டி போடுகிற விரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஓடுகிற நீள எலும்பு இருக்கிறதே, இரண்டாவது மெட்டாடார்சல், அதன் அடிப்பகுதியில் கீறல். திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் வருகிற எலும்பு முறிவாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாமாம். அந்த எலும்பின் அடி, பக்கத்து எலும்புகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி இறுகி உட்கார்ந்திருப்பதால் அசைந்துகொடுக்காது, நுனியில் நிற்கும்போது சுமை அங்கே போய்ச் சேர்கிறது. பாலே ஆடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் முறிவு வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில், பாலேவே தெரியாத என் பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று விளங்கவில்லை. காலை அசையவிடாமல் பிடிக்கிற மருத்துவ பூட் போட்டு ஆறு வாரம் கிடந்தாள்.

அப்புறம் பிசியோதெரபிக்குப் போனபோதுதான் எனக்கு உண்மை புரிந்தது. அந்த அம்மா முதலில் அவளைக் காலை நீட்டி உட்காரச் சொல்லி, பாதத்தை முடிந்தவரை கீழ்நோக்கி நீட்டச் சொன்னார். அவளுடைய பென்சில் பாக்ஸிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, கணுக்காலின் முன்பக்கம் பாதத்திலிருந்து முழங்கால் பக்கமாக வைத்தார். பாதம் போதுமான அளவு நீண்டால் பென்சில் படிந்து நேராக நிற்குமாம். இவளுக்கு ஏற்றம் இறக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. வலது கால் அடிபட்ட கால், சரி, இடதில் பாருங்கள் என்றேன். இடதிலும் அதே கதைதான். பிறகு அந்த நல்ல காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். முட்டி மடக்காமல் இருபதுக்கு மேல் முடிய வேண்டும் என்றார். பதினொன்றில் ஆட ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஒரு பென்சில்தான் செலவு. நவம்பரில் யாராவது இதைச் செய்திருந்தால் என் பிள்ளைக்கு அந்த ஷூவே வந்திருக்காது. அவளுடைய கணுக்காலின் எலும்பமைப்பே இன்னும் அதற்கு ஒத்துவரவில்லை. வருமா என்பதும் போகப்போகத்தான் தெரியும். இதைத்தான் நீங்கள் "உடல்நிலை காரணம்" என்று எழுதினீர்கள் என்றால் ஒருவகையில் சரிதான், ஆனால் அதைப் பார்த்துவிட்டுத்தானே ஏற்ற வேண்டும்?

சர்வதேச நடன மருத்துவ அறிவியல் சங்கம் இதற்கென்றே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கிறது. வாரம் ஒரே ஒரு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பாயின்ட் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லச் சொல்கிறது. வாரம் இரண்டு வகுப்பு, உடல் வலு, பாத அமைப்பு எல்லாம் சரியாக இருந்தால் நான்காவது ஆண்டுப் பயிற்சியில் தொடங்கலாம் என்கிறது. உடனே 12 வயது ஆனவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று திருத்திய சுற்றறிக்கை அனுப்பிவிடாதீர்கள். வயது வாசற்படி மாதிரிதான். உள்ளே வர மூன்று வருஷப் பயிற்சி வேண்டும். 10 நாளில் அது வராது.

நம் ஊரில் யாருக்கும் புரியாத விஷயமும் இல்லை இது. பரதம் கற்கிற பிள்ளைகள் தட்டடவில் தொடங்கி வருஷக்கணக்கில் அரைமண்டியில் உட்கார்ந்து தொடை நடுங்க நடுங்கப் பழகுகிறார்கள். சலங்கை பூஜை முடியாமல் காலில் சலங்கை ஏறாது. கடைக்குப் போய்ச் சலங்கை வாங்கிக் கட்டிவிட்டால் அரங்கேற்றம் ஆகிவிட்டது என்று எந்த நடன வாத்தியாராவது, நட்டுவனாராவது சொல்வாரா? அதே மரியாதையை வெளியூர்க் கலைக்கும் கொடுக்க வேண்டும். கலாக்ஷேத்ராவை 1936-இல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அதற்கு முன்னால் பாலே கற்றவர். ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டிதான் அவருக்குச் சொல்லித்தந்தார். பிறகு சதிரை, அதாவது இன்று நாம் பரதம் என்று சொல்வதை, கற்கும்போது பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். முப்பதைத் தொட்ட, உலகம் சுற்றிய அம்மையாருக்கே எதிரில் ஒரு ஆசிரியர் வேண்டியிருந்தது.

என் மகளுக்கு பாலே இன்னமும் பிடிக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பூட் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தபடி கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கற்றுத்தர ஆள் கிடைத்தால் நான் பெங்களூரு வரைகூடக் கூட்டிப்போவேன். முதல் மூன்று வருஷம் மெல்லிய ஷூவோடு ஆடட்டும்.

ஏற்காட்டைப் பற்றி ஒன்று. மே மாதக் கோடைமழையிலும் பனிமூட்டத்திலும் அங்கே உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொள்ளும். பசையாலும் காகிதத்தாலும் ஆன ஷூ முனை அந்த ஈரத்தில் எத்தனை நாள் கெட்டியாக இருக்கும் என்று யோசித்தீர்களா? நைந்த முனை, விரலைப் பிடிக்கவும் செய்யாது, வழுக்கவும் செய்யும். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் போனால், ஸ்கேனுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். நீங்கள் தங்குவதாகப் போட்டிருக்கும் இடத்தின் கூடத்தில் தரை சிமெண்ட். போட்டோவில் தெரிகிறது.

எனவே கேட்கிறேன். முகாமிலிருந்து பாயின்டை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பணம் கட்டிய பெற்றோர் வேண்டாம் என்றால் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகள் ஆடத்தான் வேண்டும் என்றால் வெறுங்காலில் கும்மி, கோலாட்டம் ஆடட்டும், பரதம் ஆடட்டும், தரைமேல் மெல்லிய ஷூவில் பாலேவின் அடிப்படையைப் பழகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இனி இந்தப் பள்ளியில் நுனிவிரல் ஷூ போட வேண்டுமானால், முறையாகக் கற்று, பாயின்ட் சொல்லித்தரும் அனுபவம் உள்ள ஆசிரியர் நேரில் இருக்க வேண்டும், ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு பிள்ளையின் பாதத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், தளம் சரியாக இருக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு எங்களுக்கு அனுப்புங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் ஷூ வேண்டாம்.

ஆண்டு விழாவுக்கு முதலில் தேர்ந்தெடுத்த எட்டுப் பேரோடு, கடைசி நேரத்தில் ஏறிய அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையையும் சேர்த்து, ஒன்பது பேரின் காலையும் பள்ளிச் செலவில் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளையை நிகழ்ச்சியிலிருந்து நீக்க மாட்டோம், வேறு வேஷம் கொடுப்போம் என்று பிள்ளைகளிடம் பிரேயரில் நேராகச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிப் பதிலைத் திரும்பப் பெற்று, என் மகளுக்குப் பள்ளிப் பயிற்சியில் காயம் ஏற்பட்டது என்று பதிவேட்டில் எழுதி ஒரு நகல் தாருங்கள். ஏப்ரல் 25-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுப்பேன்.

கடைசியாக, அவளுடைய ஷூ. காஸ்ட்யூம் அறையில் மற்றதோடு சேர்த்து வைத்திருப்பதாகவும், முகாமில் மீடியம் அளவுக்குப் போடலாம் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இடது ரிப்பனில் வெள்ளைத் தையல் இருக்கும் ஜோடி. வேறொரு பிள்ளையின் காலுக்குப் போகும் முன் அதை எடுத்து, ஒரு கவரில் போட்டு, அலுவலகத்தில் வையுங்கள். திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.